கதவு உள்ள அறை

போன வாரம் ஆபீஸிலிருந்து ஒரு மெயில் வந்தது. வாரத்துக்கு மூன்று நாள் நேரில் வந்தால் போதும் என்றிருந்தது, இனி நான்கு நாள் வர வேண்டுமாம். மெயில் வந்த பத்தாவது நிமிடமே எங்கள் டீமின் வாட்ஸ்அப் குழு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ரோட்டிலேயே பாதி உயிர் போகிறது என்று ஒரு கட்சி. வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து மனுஷ முகமே மறந்துபோச்சு என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் உண்மையைத்தான் சொன்னார்கள். நான் எதுவும் எழுதாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். 2020 மார்ச்சிலிருந்து இந்த விஷயத்தை மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டே இருக்கிறேன். நாலு வரியில் சொல்ல எனக்கு வராது. அதனால் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். வீடு கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் பக்கம். வேலை சிறுசேரி சிப்காட்டில். ஓர் அமெரிக்க இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சாஃப்ட்வேருக்கு ப்ரொடக்‌ஷன் சப்போர்ட். அங்கே தானாக ஓடுகிற பேட்ச் ஜாப் ஏதாவது நின்றுபோனால் இங்கே எங்களுக்குப் புகார் டிக்கெட் விழும். எங்கே இடறியது என்று பார்த்து நாங்கள் ஓட வைக்க வேண்டும். 2009-லிருந்து இதே வேலை. வீட்டில் நான், என் வீட்டுக்காரர், மகள், மகன், நான் அத்தை என்று கூப்பிடுகிற மாமியார் என்று ஐந்து பேர். இரண்டு பெட்ரூம், ஒரு ஹால், ஒரு சமையலறை. இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மகன் பிறந்தது 2018-இல். அதற்கு முந்தைய வருஷம்தான் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, 12 வார விடுப்பை 26 வாரமாக ஆக்கியிருந்தார்கள். அந்தத் திருத்தத்தில் பலர் கவனிக்காத இன்னொரு பிரிவும் இருந்தது. வேலை வீட்டிலிருந்து செய்யக்கூடியதாக இருந்தால், விடுப்பு முடிந்த பிறகும் நிறுவனமும் அந்தப் பெண்ணும் பேசி ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்தே செய்யலாம் என்றது அது. நான் அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். கைக்குழந்தை இருக்கிறது, வாரத்தில் இரண்டே இரண்டு நாள் வீட்டிலிருந்து பார்க்கிறேன் என்று கேட்டேன். பொறுமையாகத்தான் பதில் சொன்னார்கள். க்ளையன்ட் ஒத்துக்கொள்ள மாட்டார், டேட்டா பாதுகாப்பு இருக்கிறது, சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இருக்கிற கம்ப்யூட்டரை வெளியே கொண்டுபோக அனுமதி வாங்க வேண்டும், வாய்ப்பே இல்லை என்றார்கள். அந்த விதி உண்மையிலேயே இருந்தது. மண்டலத்துக்குள் வரும் கருவிகளுக்குச் சுங்க வரி கிடையாது, அதனால் வெளியே எடுத்துப்போகக் கட்டுப்பாடு. தினமும் மதியம் ரெஸ்ட்ரூமில் நின்று பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வந்து டிக்கெட் பார்த்தேன். ஐந்து மாதம்.

பிறகு 2020 மார்ச் வந்தது. 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. 24-ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு, அன்று ராத்திரியே பிரதமர் டிவியில் வந்து 21 நாள் என்றார். அதற்கு முந்தைய வாரத்திலேயே எங்கள் தளம் முழுக்க அட்டைப்பெட்டிகள். சிபியு-வைப் பெட்டியில் வைத்து, மானிட்டரை என் துப்பட்டாவில் சுற்றி, கேட்டில் செக்யூரிட்டியிடம் கேட் பாஸைக் காட்டிவிட்டு, ஆபீஸ் வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அனுமதி, க்ளையன்ட், டேட்டா எல்லாம் நான்கே நாளில் சரியாகிவிட்டது. ஹால் ஓரத்தில் அந்தக் கம்ப்யூட்டரை மாட்டி விளக்கு எரிந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தொண்டை அடைத்தது. மகன் அதற்குள் பால் மறந்து ஓடி விளையாட ஆரம்பித்திருந்தான்.

வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியுமா என்று யாராவது இன்னமும் கேட்டால் எனக்கு அந்த நான்கு நாள்தான் ஞாபகத்துக்கு வரும். முடியும். மனசு வைத்தால் ஒரு வாரத்துக்குள் முடியும்.

ஆனால் வீடு என்று சொல்லும்போது எந்த வீடு, அதில் எந்த இடம் என்று யாரும் கேட்பதில்லை. என் வீட்டுக்காரரும் சாஃப்ட்வேர்தான். முதல் நாள் காலை அவர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பெட்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கு க்ளையன்ட் கால் அதிகம். இன்னொரு பெட்ரூமில் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, அத்தைக்கு மதியத் தூக்கம். எனக்கு ஹாலில், ஃப்ரிட்ஜுக்கும் சாமி அலமாரிக்கும் நடுவே, இஸ்திரி போடுகிற மேஜை. இப்படித்தான் என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. தண்ணீர் தாழ்வான இடத்துக்குப் போய் நிற்பதைப் போல அவரவர் அவரவர் இடத்தில் போய் நின்றோம்.

ஹாலில் உட்கார்ந்தவள் ஒரு வேலையோடு உட்கார முடியாது. தண்ணீர் கேன் வந்தால் நான், கேஸ் வந்தால் நான், மகளுக்கு இணைப்பு அறுந்தால் நான், மகன் கீழே விழுந்தாலும் நான். ஒரு மணி நேரத்தில் ஆறேழு தடவை எழுந்திருப்பேன். அந்த வருஷம் நான் பார்த்த வேலையின் தரம் குறைந்தது. அதை மறைக்க ராத்திரி 11 மணிக்கு மேல் மறுபடி உட்கார்ந்து சரி செய்தேன். மேனேஜருக்கு என் மணிக்கணக்கு நிறைவாகத் தெரிந்தது. என் முதுகுக்குத் தெரியும் அது எப்படி நிறைந்தது என்று.

இதைவிட எனக்கு உறுத்துகிற ஒன்று இருக்கிறது. அத்தைக்கு அப்போது 68 வயது. என் ஹெட்செட்டில் ம்யூட் போட்டால் பட்டாணி அளவில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதை ஒரு வாரம் கவனித்துவிட்டு ஒருநாள் என்னிடம் கேட்டார்.

“ஏம்மா, இது செவப்பா இருந்தா நம்ம சத்தம் அவங்களுக்குக் கேக்காதுதானே?”

“ஆமா அத்தை, கேக்காது.”

அதற்குப் பிறகு அவர் சமையலறையிலிருந்து என் காதைப் பார்த்தே சமைத்தார். சிவப்பு எரிந்தால் தாளிப்பார், மிக்ஸி போடுவார். எரியாவிட்டால் கை அப்படியே நிற்கும். ஒருநாள் நான் கால் நடுவில் பேசிக்கொண்டிருக்கிறேன், குக்கரில் ஆவி கட்டி வெயிட் ஆட ஆரம்பித்துவிட்டது. விசில் வர இன்னும் ஒரு மூச்சுதான். அத்தை முட்டி வலியோடு நாலே எட்டில் ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். இருமல் வந்திருக்கிறது, அதையும் அடக்கிக்கொண்டு. அந்த முனையில் இருந்த அமெரிக்கர் என் பக்கம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று பாராட்டினார். மாவு அரைப்பதை அத்தை விடிகாலை 5 மணிக்கு மாற்றிக்கொண்டார். மதியம் பார்க்கிற சீரியலைச் சத்தமில்லாமல் வெறும் படமாகப் பார்த்தார். எங்கள் ஆபீஸ் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது, அதற்கு இடம் விட்டுக் கொடுத்தது சம்பளப் பட்டியலில் பெயரே இல்லாத ஒரு கிழவி.

வீட்டிலிருந்து வேலை பற்றிப் பேசும்போது எல்லோரும் ஓர் ஆராய்ச்சியை எடுத்துக் காட்டுவார்கள். ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூமும் மற்றவர்களும் சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் ஷாங்காய் கால் சென்டரில் 2010 கடைசியில் தொடங்கி ஒன்பது மாதம் நடத்தியது. விருப்பம் தெரிவித்தவர்களைப் பிறந்த தேதி இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று பார்த்துப் பிரித்து, ஒரு பாதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். இந்த 13-ஐத்தான் வாட்ஸ்அப் குழுக்களில் போடுவார்கள். அந்தக் கட்டுரையை நான் உட்கார்ந்து படித்தேன். அதில் சேர்ந்துகொள்ள மூன்று தகுதி வைத்திருந்தார்கள். ஆறு மாதமாவது அங்கே வேலை பார்த்திருக்க வேண்டும், வீட்டில் பிராட்பேண்ட் இருக்க வேண்டும், மூன்றாவது, யாரோடும் பங்கு போடாமல் வேலை பார்க்கத் தனி அறை இருக்க வேண்டும். அதாவது 13 சதவீதம் தனி அறை இருந்தவர்களின் 13 சதவீதம். சேலையூரில் என் இஸ்திரி மேஜை அந்தக் கணக்கிலேயே வராது. ஒன்பது மாதம் முடிந்ததும் வீட்டிலிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஆபீஸுக்கே திரும்பி வருகிறோம் என்றார்கள், தனிமை தாங்கவில்லை என்று. ஒரே மாதிரி வேலை செய்தும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது.

அந்தத் தனிமையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆபீஸ் என்றால் எனக்கு முதலில் பஸ்தான். காலை 9:20-க்கு கேம்ப் ரோட்டில் கம்பெனி பஸ் ஏறினால் மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர் வழியாக சிறுசேரி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மெட்ரோ வேலை நடக்கிறதால் இப்போது இன்னும் கூட. வெயில் காலத்தில் இது பெரிய பாடுதான். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாக்கம் தாண்டினால் சதுப்புநிலத்தில் கூழைக்கடாக்கள் நிற்கும். மார்கழி, தை மாதத்தில் போனால் தண்ணீர் முழுக்கப் பறவை. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதைப் பார்ப்பேன். கல்யாணம் ஆன பிறகு நான் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரே இடம் அந்த சீட்டுதான். சிறுசேரியில் இறங்கினால் எனக்கு என் பெயர். வீட்டில் அம்மா, அண்ணி, மருமகள், ‘இங்க வாயேன்’. ஆபீஸில் 2009-லிருந்து பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதற்கு இவ்வளவு விலை இருக்கிறது என்று ஹாலில் பதினெட்டு மாதம் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு நான் ஆபீஸ் கட்சி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்பாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

2021 ஆடியில் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. ஊர் மன்னார்குடி. வாரத்துக்கு இரண்டு தடவை தஞ்சாவூர் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். அம்மாவால் தனியாகக் கூட்டிப்போக முடியாது. நான் மகனைக் கையோடு கூட்டிக்கொண்டு மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினேன். மகளை அத்தை பார்த்துக்கொண்டார். மேனேஜரிடம் சொன்னதற்கு, நெட் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டார்.

அதற்குள் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பதில் லேப்டாப் வந்திருந்தது. ஆறு மாதம் அங்கே இருந்து வேலை பார்த்தேன். ஊரில் வேலை பார்ப்பது என்றால் என்ன என்று ஊரிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மாதம் ஒருநாள் மின்வாரியப் பராமரிப்பு, காலை 9 மணிக்குக் கரன்ட் போனால் சாயங்காலம்தான். பேப்பரில் முந்தின நாள் ஊர்ப் பெயர் வரும். அம்மா அதைத் தேடிப் பார்த்து அடிக்கோடு போட்டு என் லேப்டாப் மேல் வைத்துவிடுவாள். இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டோம். மழை பெய்தால் ஃபைபர் போய்விடும், போன் ஹாட்ஸ்பாட்டை மாடிப்படி வளைவில் வைத்தால்தான் இரண்டு கோடு வரும். இவ்வளவும் என் செலவு, ஆபீஸ் ஒரு பைசா தரவில்லை. நானும் கேட்கத் தோன்றாமல் இருந்தேன்.

டயாலிசிஸ் நாலு மணி நேரம். அப்பா உள்ளே படுத்திருப்பார், நான் வெளியே நாற்காலியில் லேப்டாப்போடு. மூன்றாவது மாதத்தில் அங்கே இருந்த நர்ஸ் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். மெஷின் சுற்றுகிற சத்தம், டியூபில் அப்பாவின் ரத்தம் போய் வருகிறது, நான் ஒரு கையால் டைப் அடிக்கிறேன், இன்னொரு கை அவர் போர்வைக்கு மேல். அப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ இங்க உக்காந்திருக்கறது ஒங்க ஆபீஸுக்குத் தெரியுமா?”

“தெரியும்ப்பா. சொல்லிட்டுத்தான் உக்காந்திருக்கேன்.”

“சம்பளம் புடிக்கலியே?”

“இல்லப்பா.”

“அப்ப நல்ல ஆபீஸ்தான்” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மறு தையில் அப்பா போய்விட்டார். அந்த ஆறு மாதத்தில் அவரோடு நான் பேசியது, அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் பேசியதைவிட அதிகம். எந்த மேனேஜர் என்ன காரணம் சொல்லி வீட்டு வேலையை எடுத்தாலும், அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததற்கு என்னிடம் நன்றி உண்டு. அதை யாரும் எடுத்துவிட முடியாது.

அடுத்து ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அவளால்தான்.

2020 நவம்பரில் காலேஜ் முடித்த கையோடு எங்கள் டீமில் சேர்ந்தாள். சங்கரன்கோவிலுக்கும் புளியங்குடிக்கும் நடுவே ஒரு கிராமம். லேப்டாப் கூரியரில் போனது. கால்களில் பேசவே மாட்டாள், கேமராவும் போட மாட்டாள், ‘எஸ்’ என்று சாட்டில் மட்டும் வரும். ஒருதடவை ஒரு ஜாப் நின்றுபோய் இரண்டு நாள் அவள் கையில் கிடந்தது. மூன்றாம் நாள் நான் கூப்பிட்டுப் பார்த்தால், தேதியை அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் போட வேண்டிய இடத்தில் நாளை முன்னால் போட்டிருக்கிறாள். ஐந்து நிமிட வேலை. ஏம்மா கேட்கவில்லை என்றேன். “நீங்க பிசின்னு சிவப்பா காட்டிச்சுக்கா, தொந்தரவு பண்ண வேண்டாம்னு…” என்றாள். வருஷ மதிப்பீட்டில் அவளைப் பற்றி ‘தொடர்புத் திறன் போதாது’ என்று எழுதினார்கள். நானும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்.

நான் 2009-இல் சேர்ந்தபோது என் பக்கத்து நாற்காலியில் ஒரு சீனியர் இருந்தார். அவர் எனக்குப் பாடம் நடத்தியதே இல்லை. அவர் போனில் பேசுவதைக் கேட்டே நான் க்ளையன்ட்டோடு பேசக் கற்றுக்கொண்டேன். நான் திரையை முறைத்துக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் இருந்தால், ‘என்ன, மாட்டிக்கிட்டியா?’ என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். அவருக்கு என் தோள் தெரிந்தது. இந்தப் பெண்ணின் தோள் எனக்குத் தெரியவில்லை. நாங்கள் ஆபீஸில் கற்றதை வைத்துக்கொண்டு வீட்டில் சௌகரியமாக இருந்தோம், அவளுக்குக் கற்றுக்கொள்ள ஆபீஸே கிடைக்கவில்லை.

2022 அக்டோபரில்தான் அவளை நேரில் பார்த்தேன். கலகலவென்று பேசுகிற பெண். அடுத்த வருஷம் அவள் அண்ணன் கல்யாணத்துக்கு டீமில் நாலு பேர் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சத்தம். அந்தத் தெருவில் வரிசையாக விசைத்தறி. அவள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி காலை முதல் ராத்திரி வரை ஓடுகிறது, ரயில் பாலத்துக்குக் கீழே நிற்கிற மாதிரி இருந்தது. சேர்ந்த முதல் வாரமே ஒரு கால் நடுவில், ‘யார் பக்கம் அந்தச் சத்தம், ம்யூட் பண்ணுங்கள்’ என்று யாரோ அதட்டியிருக்கிறார்கள். அவள் ம்யூட் செய்தாள். பிறகு எடுக்கவே இல்லை. அதைத்தான் நாங்கள் தொடர்புத் திறன் போதாது என்று எழுதியிருக்கிறோம்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, பந்தல் இன்னும் பிரிக்கவில்லை, அவள் அம்மா சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுத்த உட்கார்ந்துவிட்டார். கணக்கு முடித்துக் கடையில் கொடுக்க வேண்டுமாம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நனைத்த இலையின் மேல் தகர அச்சை வைத்துக் கத்தரிக்கிறார், தூளை வைத்து உருட்டுகிறார், நூலை இரண்டு சுற்றுச் சுற்றித் தலையை மடக்குகிறார். கை பார்க்கிற வேலையைக் கண் பார்க்கவே இல்லை, என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இலை பத்தாவிட்டால் கைக்காசு போட்டு வாங்க வேண்டும்.

“ஒங்க ஆபீசுல இப்பதான் வீட்டுல இருந்து வேல பாக்கச் சொல்லுதாவ. நான் நாப்பது வருசமா வீட்டுல இருந்துதான் வேல பாக்கேன்” என்றார். பிறகு, “கடைக்காரரு எல தருவாரு, தூளு தருவாரு. எடம் நம்ம எடம், வெளிச்சம் நம்ம வெளிச்சம், இடுப்பு வலியும் நம்மளுது” என்று நூலைப் பல்லால் அறுத்தார்.

எனக்கு அங்கேயே என் இன்வெர்ட்டர் ஞாபகம் வந்தது. கோடையில் 500 யூனிட்டைத் தாண்டிப்போன எங்கள் கரன்ட் பில், முதுகு வலிக்கு நான் வாங்கிய நாற்காலி, அத்தையின் அடக்கிய இருமல் எல்லாம் வந்தது. அவர் சொன்னதையும் என் நிலைமையையும் ஒன்று என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, என் சம்பளம் வேறு, அவர் கூலி வேறு. ஆனால் கணக்கு எழுதுகிற முறை ஒன்றாக இருக்கிறது. வீட்டில் வேலை செய்கிறவரும் தொழிலாளிதான் என்று 1966-இலேயே பீடித் தொழிலாளர் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதற்காக எத்தனையோ பேர் போராடியிருக்கிறார்கள். வீட்டில் வேலை பார்ப்பவர்களுக்காக 1996-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது, 177-ஆம் எண். இந்தியா இன்னும் அதில் சேரவில்லை. லேப்டாப் வந்த பிறகுதான் இது புதிதாகப் பிறந்த விஷயம் என்று நினைக்கிறோம். சுளகு மடியில் இருந்தவர்கள் இதன் லாப நஷ்டத்தை எப்போதோ பார்த்துவிட்டார்கள், நாம் போய்க் கேட்கவில்லை.

அந்தக் கல்யாணத்திலிருந்து திரும்பி வந்த அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “வீட்ல இருக்கற நாள்ல அந்த ரூம் எனக்கு வேணும். கதவைச் சாத்திக்கிட்டுப் பாக்கணும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “எடுத்துக்கோயேன். கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே” என்றார். உண்மையாகத்தான் சொன்னார், அவர் அப்படிப்பட்டவர்தான். அவர் கேட்காமலே உள்ளே போன அறைக்கு நான் கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது என்பதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சார்ஜரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். மறுநாள் தண்ணீர் கேன்காரருக்கு அவர்தான் கதவைத் திறந்தார்.

இப்போது அந்த மெயிலுக்கு வருகிறேன். நான்கு நாளா, மூன்று நாளா என்று எல்லோருக்கும் ஒரே எண்ணைப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் மேனேஜருக்கு நான் எழுதப்போவது இதுதான். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் ஒரு வருஷம் ஆபீஸில் இருக்கட்டும், ஆனால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நாங்களும் அதே நாளில் அதே வரிசையில் உட்கார வேண்டும். அவர்களை வரவழைத்துவிட்டு நாங்கள் வீட்டிலிருந்து கால் போட்டால் அந்தப் பெண்ணுக்குச் செய்ததையே மறுபடி செய்வோம். கைக்குழந்தை வைத்திருப்பவள் கேட்டால் கொடுத்துவிடுங்கள், சட்டத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வர வைக்காதீர்கள். வீட்டில் உடம்பு முடியாதவர் இருந்தால் ஊரிலிருந்து பார்க்க விடுங்கள். வீட்டில் இடம் இல்லாதவர் ஐந்து நாளும் வரட்டும், அவருக்கு ஒரு நிலையான மேஜை கொடுங்கள், தினமும் புக் செய்து தேடி அலைய விடாதீர்கள். வீட்டு நாட்களுக்குக் கரன்டுக்கும் நெட்டுக்கும் ஏதாவது ஒரு தொகை கொடுங்கள்.

இன்னொன்றும் எழுதலாம் என்றிருக்கிறேன். தொலைவிலிருந்து வேலை பார்ப்பதைப் பற்றி முதன்முதலில் முறையாக யோசித்தவர் ஜாக் நில்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், 1973-இல். லாஸ் ஏஞ்சல்ஸ் ரோட்டு நெரிசலைப் பார்த்துத்தான் யோசித்திருக்கிறார். அவர் ஓர் இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சோதித்துப் பார்த்தது வீட்டை இல்லை, ஊழியர்களின் வீட்டுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கிளை ஆபீஸ்களை. நானும் இன்சூரன்ஸ் ப்ராஜெக்ட்டில் இருப்பதாலோ என்னவோ, படித்ததிலிருந்து இது மனசை விட்டுப் போகவில்லை. தென்காசி பக்கம் ஜோஹோ என்ற சாஃப்ட்வேர் நிறுவனம் 2011-லேயே ஆபீஸ் போட்டுவிட்டது. விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் 2024-இல் ஐடி நிறுவனங்களுக்கான மினி டைடல் பார்க் திறந்தாகிவிட்டது. தஞ்சாவூரில் எங்கள் நிறுவனத்துக்கு இருபது நாற்காலி இருந்திருந்தால் அப்பாவை டயாலிசிஸுக்கு விட்டுவிட்டு நல்ல நெட்டோடு, நாலு மனிதரோடு வேலை பார்த்திருப்பேன். சங்கரன்கோவிலில் பத்து நாற்காலி இருந்திருந்தால் அந்தப் பெண் முதல் வாரமே ம்யூட்டை எடுத்துப் பேசியிருப்பாள். பேச ஆரம்பித்தால் அவளை நிறுத்த முடியாது. இப்போது அவள்தான் எங்கள் டீமில் க்ளையன்ட் கால் எடுக்கிறாள்.

மெயிலை எப்போது அனுப்புவது என்று தெரியவில்லை, இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுவேன். நேற்று செவ்வாய்க்கிழமை, எனக்கு வீட்டு நாள். பெட்ரூமில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு க்ளையன்ட்டோடு பேசிக்கொண்டிருந்தேன். வெளியே குக்கர் ஒரு விசில் அடித்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. கதவுக்கு அந்தப் பக்கம் அது தூரத்தில் எங்கோ கேட்பதைப் போல இருந்தது. மூன்றாவது விசிலையும் அத்தை நிதானமாக எண்ணிவிட்டுத்தான் அடுப்பை அணைத்திருக்கிறார். கால் முடிந்து வெளியே வந்து பார்த்தேன், சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தோடு.